ஓடுபாதையில் கிடந்த துணி மூட்டைகள்

1998ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில் ‘மிட்ச்’ என்னும் சூறாவளி மத்திய அமெரிக்காவைத் தாக்கியது. வழக்கமான சூறாவளிகளைப் போல அது கரையைக் கடந்து விரைந்து செல்லவில்லை. ஹொண்டுராஸ் நாட்டின்மீது பல நாள்கள் தங்கி, மழையைக் கொட்டித் தீர்த்தது. மலைச்சரிவுகள் சரிந்து ஊர்களை மூடின. ஆறுகள் பாலங்களை அடித்துச் சென்றன. 11,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சாலைகள் துண்டிக்கப்பட்டதால், உணவும் மருந்தும் வானத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்ற நிலை.

அப்படி நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் வந்தது. ஆனால், அதனால் தரையிறங்க முடியவில்லை. காற்றோ மழையோ அதற்குக் காரணமன்று. ஓடுபாதையில் துணி மூட்டைகள் குவிந்து கிடந்தன. யாரோ நல்லெண்ணத்துடன் அனுப்பிய துணிகள் அவை. பிரித்துப் பார்த்தபோது ஒரு மூட்டையில் குளிர்காலக் கோட்டுகள் இருந்தன. ஹொண்டுராசோ வெப்ப நாடு. இன்னொரு பக்கம் உயர்ந்த குதிகால் கொண்ட காலணி ஒன்று கிடந்தது. ஒன்றுதான், அதன் இணை அங்கில்லை. அந்நாளில் நிவாரணப் பணியில் இருந்தவரும், பின்னாளில் அமெரிக்காவின் அனைத்துலகப் பேரிடர்த் தகவல் மையத்திற்கு இயக்குநராக விளங்கியவருமான ஹுவானிட்டா ரில்லிங் என்ற பெண்மணி இந்நிகழ்ச்சியைப் பின்னர்ச் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோட்டை அனுப்பியவர் கெட்டவரல்லர். தொலைக்காட்சியில் வெள்ளத்தைப் பார்த்திருப்பார். மனம் பதறியிருக்கும். உடனே அலமாரியைத் திறந்து, கைக்கு வந்ததை எடுத்துப் பெட்டியில் வைத்திருப்பார். நாமும் அப்படித்தான் செய்வோம். பழைய துணியைக் கொடுக்கும்போது நமக்கு இரண்டு வகையில் நிறைவு கிடைக்கிறது: உதவி செய்தோம் என்பது ஒன்று, அலமாரியும் காலியானது என்பது மற்றொன்று. இரண்டாவதை நாம் வெளியில் சொல்வதில்லை!

ஆனால், துணி தானாக நடந்து போய் ஒருவரின் உடலில் ஏறிக்கொள்வதில்லை. அதைக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், பிரிக்க வேண்டும், துவைத்ததா, கிழிந்ததா, குழந்தைக்குரியதா, பெரியவருக்குரியதா என்று பார்க்க வேண்டும், மழைபடாத இடத்தில் வைக்க வேண்டும். இத்தனைக்கும் ஆள் வேண்டும். பேரிடர் நடந்த ஊரில் மிகவும் அரிதாகக் கிடைப்பவை மூன்று: ஆள், வாகனம், நனையாத கூரை. கேட்காமல் வந்து சேரும் மூட்டை இம்மூன்றையும் விழுங்கிவிடுகிறது. அதனால்தான் நிவாரணப் பணியாளர்கள் இந்த மூட்டைக் குவியலை ‘இரண்டாம் பேரிடர்’ என்று அழைக்கிறார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். தாகத்தால் வாடுபவருக்குத் தண்ணீர்ப் போத்தல் அனுப்புவதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும். ரில்லிங் கூறிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். 100,000 லிட்டர் தண்ணீர் 40,000 பேருக்கு ஒரு நாள் குடிக்கப் போதும். அதைப் போத்தல்களில் அடைத்து அமெரிக்காவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்ப ஏறத்தாழ 300,000 அமெரிக்க வெள்ளி செலவாகும். அங்கேயே, எடுத்துச் செல்லக்கூடிய சுத்திகரிப்புக் கருவிகளைக் கொண்டு அதே அளவு தண்ணீரைத் தூய்மைப்படுத்த ஏறத்தாழ 300 வெள்ளி போதும். அதாவது, போத்தலுக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு அதே மக்களுக்கு ஆயிரம் நாள்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிடலாம்!

சிங்கப்பூரில் வாழும் நமக்குச் சூறாவளி என்பது பெரும்பாலும் செய்தியில் பார்க்கும் ஒன்றுதான். கடல்வெப்பத்தால் பிறந்து, சுழன்று வளரும் இந்தப் பெரும்புயலை அட்லாண்டிக் கரையில் ஹரிக்கேன் என்றும், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன் என்றும், இந்தியப் பெருங்கடலில் சைக்லோன் என்றும் கூறுவர். பெயர்தான் வேறு; புயல் ஒன்றே. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இது உருவாவது அரிது. அரிது என்றாலும் நடக்கவே நடக்காது என்று சொல்வதற்கில்லை. 2001ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் ‘வாமெய்’ என்னும் புயல் நமக்கு வடகிழக்கே, ஜொகூரின் தென்கிழக்குக் கரையைக் கடந்தது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைகூட இல்லாத தொலைவில் அது உருவானதை வானிலை அறிஞர்கள் இன்றும் வியப்போடு குறிப்பிடுகிறார்கள்.

சரி, துணியும் தண்ணீரும் வேண்டாம் என்றால் சாதாரண மக்களால் வேறு என்னதான் செய்ய முடியும்? இதற்கு விடை காண, ஹியூஸ்டன் நகருக்குச் செல்வோம்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள பெருநகரம் ஹியூஸ்டன். 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இரவு ‘ஹார்வி’ என்னும் சூறாவளி டெக்சஸ் கரையைத் தாக்கியது. மிட்சைப் போலவே ஹார்வியும் நகராமல் நின்றுவிட்டது. நான்கைந்து நாள்கள் ஓயாத மழை. மாநிலத்தின் தென்கிழக்கே உள்ள நெடர்லண்ட் என்னும் ஊரில் 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் பதிவானது. சிங்கப்பூரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேற்பட்ட அளவு அது. ஹியூஸ்டன் நகரத்தின் நெடுஞ்சாலைகள் ஆறுகளாயின. அவசரத் தொலைபேசி எண்ணுக்கு வந்த அழைப்புகளுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அரசாங்கத்திடம் இருந்த மீட்புப் படகுகள் போதவில்லை. அந்த வட்டாரத்தின் தலைமை அதிகாரி, படகு வைத்திருப்பவர்கள் உதவிக்கு வருமாறு பொதுமக்களையே கேட்டுக்கொண்டார்.

மக்கள் வந்தார்கள். மீன்பிடிப் படகுகளும் வாத்து வேட்டைக்குப் பயன்படும் தட்டைப் படகுகளும் தெருக்களில் மிதந்தன. அண்டை மாநிலமான லூசியானாவிலிருந்து ‘கேஜன் கடற்படை’ என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம் வண்டிகளில் படகுகளைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. பெயரில்தான் கடற்படை. அவர்களுள் யாரும் படைவீரர் அல்லர். தச்சர், மீனவர், கடைக்காரர் போன்றோர். 2005ஆம் ஆண்டு கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது தம் சொந்தப் படகுகளில் சென்று மக்களைக் காத்தவர்களின் வழி வந்த வழக்கம் இது. கைப்பேசிச் செயலி மூலம் வாக்கி-டாக்கி போலப் பேசிக்கொண்டு, எந்தக் கூரையில் யார் காத்திருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் தெரிவித்தார்கள்.

ரொட்டி சுடுபவர்கள் சிலரின் கதையும் கேட்கத்தக்கது. ஹியூஸ்டனில் எல் பொலியோ என்னும் மெக்சிகோ ரொட்டிக்கடை இருக்கிறது. அதன் பணியாளர்கள் சிலர் வெள்ளத்தால் வீடு திரும்ப முடியாமல் கடையிலேயே இரண்டு நாள்கள் சிக்கிக்கொண்டனர். வெளியே போக முடியாது, உள்ளே மாவு இருந்தது, அடுப்பும் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. இரவு பகலாக ரொட்டி சுட்டார்கள். ஏறக்குறைய 2,000 கிலோ மாவு தீர்ந்தது. கடை முதலாளி வந்து சேர்ந்தபோது கடை முழுவதும் ரொட்டி அடுக்கப்பட்டிருந்தது. அவை அனைத்தும் நிவாரண முகாம்களுக்கும் வீடிழந்தோருக்கும் சென்றன.

ஜிம் மெக்கிங்வேல் என்னும் அறைகலன் வணிகர் தம் கடைகளைத் திறந்துவிட்டார். விற்பனைக்கு வைத்திருந்த புத்தம்புது மெத்தைகளில் வெள்ளத்திலிருந்து தப்பியவர்கள் படுத்து உறங்கினார்கள். பொருள் ஏற்றிச் செல்லும் அவருடைய உயரமான லாரிகள் வெள்ளத்தில் தவித்தவர்களைச் சுமந்து வந்தன. நகரின் மாநாட்டு மையத்திலோ 5,000 பேருக்கு என்று இடம் ஒதுக்கி, கடைசியில் ஏறத்தாழ 10,000 பேருக்கு இடமளித்தார்கள். அங்கு வந்து குவிந்த தொண்டூழியர்களின் வரிசையும் நீளமாகத்தான் இருந்தது.

இவர்கள் அனைவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. படகுக்காரர் படகைக் கொடுத்தார். ரொட்டிக்காரர் ரொட்டியைக் கொடுத்தார். மெத்தைக்காரர் மெத்தையைக் கொடுத்தார். தங்களிடம் உண்மையாகவே இருந்ததை, அது தேவைப்பட்ட இடத்திலேயே, தேவைப்பட்ட நேரத்திலேயே கொடுத்தார்கள். யாரும் அதை விமானத்தில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால், துணிவு மட்டும் போதாது என்பதையும் ஹியூஸ்டன் காட்டியது. மக்களை மீட்கச் சென்ற ஒரு படகு நீரோட்டத்தில் கட்டுப்பாட்டை இழந்து, மின்கம்பியில் பட்டது. உதவப் போனவர்களுள் சிலர் வீடு திரும்பவில்லை. வெள்ளநீருக்குள் என்ன இருக்கிறது என்பது மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது: மூடியில்லாத வடிகால், அறுந்த மின்கம்பி, உடைந்த கண்ணாடி, கழிவுநீர். பேரிடர் நடந்த ஊருக்கு யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுப் போகாதீர்கள் என்று நிவாரண அமைப்புகள் கெஞ்சிக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அப்படி வருபவருக்கும் சோறு வேண்டும். படுக்க இடம் வேண்டும். பயிற்சி இல்லாதவர் அடிபட்டால் அவருக்கும் மருத்துவர் வேண்டும். உதவ வந்தவரே உதவி தேவைப்படுபவர் ஆகிவிடுவார்.

வெள்ளம் வடிந்த பிறகுதான் பயிற்சியில்லாத சாதாரண மக்களுக்கும் உரிய பெரும்பணி தொடங்குகிறது. அது படகில் போவதைப்போல் வீரமானது அன்று. சேறு அள்ளும் வேலை.

நம் அடுக்குமாடி வீடுகளின் சுவர்கள் கான்கிரீட்டால் ஆனவை. ஹியூஸ்டன் வீடுகள் அப்படியல்ல. மரச்சட்டங்களின்மேல் ஜிப்சம் பலகைகளைப் பொருத்திச் சுவர் எழுப்புவார்கள். உள்ளே, வெப்பத்தைத் தடுக்கப் பஞ்சு போன்ற பொருளை அடைத்திருப்பார்கள். வெள்ளநீர் முழங்கால் அளவே வந்திருந்தாலும் பலகை அதை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாள்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். பிறகு அந்த வீட்டில் மூச்சுவிடுவதே நோயை வரவழைத்துக்கொள்வதாகிவிடும். ஆகவே, நனைந்த பலகையை நீர்க்கோட்டுக்கு மேல் வரை அறுத்தெடுத்து, பஞ்சையும் தரைவிரிப்பையும் பிய்த்துப் போட்டு, மரச்சட்டங்களை நன்றாக உலர வைக்க வேண்டும். உடனே செய்ய வேண்டும். ஹியூஸ்டனை உள்ளடக்கிய ஹாரிஸ் வட்டாரத்தில் மட்டும் 150,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்திருந்தது. அவர்களுள் பெரும்பாலோரிடம் வெள்ளக் காப்புறுதி இல்லை. தனியே வசிக்கும் எழுபது வயது மூதாட்டி நனைந்த குளிர்பதனப் பெட்டியை எப்படி வெளியே தள்ளுவார்?

அங்கேதான் தொண்டூழியர் குழுக்கள் வந்தன. தேவாலயங்கள், கோயில்கள், பள்ளிவாசல்கள், பள்ளிகள், அலுவலகங்கள் எனப் பலவிடங்களிலிருந்தும் மக்கள் திரண்டார்கள். கெட்டியான காலணி, கையுறை, முகக்கவசம் ஆகியவற்றுடன் வந்தார்கள். கடப்பாரையும் தள்ளுவண்டியும் கொண்டுவந்தார்கள். அகற்றிய பொருள்களைத் தெருவோரத்தில் வகை பிரித்து அடுக்கினார்கள்: பலகை ஒரு குவியல், மின்சாதனம் ஒரு குவியல், சாயமும் இரசாயனமும் ஒரு குவியல்.

இந்த வேலையில் கடப்பாரையைப் பிடிப்பதைவிடக் கடினமான ஒன்று இருக்கிறது. ஒரு பொருளைக் குப்பையில் போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். நமக்குக் குப்பையாகத் தெரியும் நனைந்த தாள்கட்டு அவருடைய திருமணப் படமாக இருக்கலாம். இறந்த மகனின் பள்ளிப் புத்தகமாக இருக்கலாம். ஒட்டிக்கொண்ட படங்களைத் தூய நீரில் மெல்ல அலசி, ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினால் பலவற்றைக் காப்பாற்றிவிடலாம். வீட்டுக்காரர் நாற்காலியில் அமர்ந்து ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தால், ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அதனால் வேலை சற்றுத் தாமதமானாலும் பரவாயில்லை. அதுவும் வேலைதான்.

ஹியூஸ்டனுக்குப் போக முடியாத, உலகின் மறுபக்கத்தில் இருக்கும் ஒருவர் என்ன செய்யலாம்? பணம் அனுப்பலாம். இது உணர்ச்சியற்ற விடையாகத் தோன்றலாம். பணத்தைப் பெட்டியில் வைத்து வண்ணத்தாள் சுற்ற முடியாது. ஆனால், அது ஓடுபாதையை அடைக்காது. இன்று உணவாகவும், அடுத்த வாரம் மருந்தாகவும், அடுத்த மாதம் சுவர்ப்பலகையாகவும் மாறும். உள்ளூர்க் கடைகளிலேயே பொருள் வாங்கப்படுவதால், வெள்ளத்தில் நொடித்துப்போன கடைக்காரரும் மீண்டும் கடை திறப்பார்.

ஹார்வி தாக்கியபோது ஹியூஸ்டன் அணியின் அமெரிக்கக் காற்பந்து வீரர் ஜே. ஜே. வாட், தம் பங்காக 100,000 வெள்ளியைப் போட்டு, இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கினார். அவர் எதிர்பார்த்தது 200,000 அமெரிக்க வெள்ளி. வந்து சேர்ந்தது 37 மில்லியன்! பிறகு அது 40 மில்லியனையும் தாண்டியது. பெரிய நிறுவனங்களும் கொடுத்தன என்பது உண்மைதான். ஆயினும், நன்கொடை அளித்தவர்களின் எண்ணிக்கை 2 இலட்சத்துக்கு மேல் இருந்தது.

கொடுப்பதற்குச் செல்வம் வேண்டும் என்பதும் இல்லை. 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. எட்டே மாதங்களில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவைத் தாக்கியது. தன் புண்ணே ஆறாத இலங்கை, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 25,000 வெள்ளி வழங்கியது. அமெரிக்காவின் செல்வத்துக்கு முன் அது ஒரு துளி. கொடுத்த நாட்டின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் கத்ரீனாவின்போது சிங்கப்பூரும் உதவியது. நம் ஆகாயப் படையின் பயிற்சிப் பிரிவு ஒன்று அப்போது டெக்சஸ் மாநிலத்தில் இருந்தது. அங்கிருந்து நான்கு ‘சினூக்’ ஹெலிகாப்டர்கள் லூசியானாவுக்குப் பறந்து, மக்களையும் நிவாரணப் பொருள்களையும் சுமந்தன. ரொட்டிக்காரரின் கதைதான் இதுவும். ஹெலிகாப்டர் அங்கேயே இருந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர்களும் அருகிலேயே இருந்தார்கள்.

பணம் கொடுப்பதில் ஒரு கவனம் வேண்டும். புயல் வீசிய சில மணி நேரத்திலேயே அதன் பெயரைத் தாங்கிய போலி இணையத்தளங்கள் முளைத்துவிடுகின்றன. கத்ரீனாவுக்குப் பிறகு இம்மோசடி பெருகியதால்தான், 2005ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் பேரிடர் மோசடிகளைக் கண்டுபிடிக்கத் தனி மையமே அமைத்தது. கைப்பேசிக்கு வரும் இணைப்பைத் தட்டிப் பணம் அனுப்பாமல், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அறியப்பட்ட அமைப்பின் முகவரியை நாமே தேடிச் செல்வது நல்லது. வகுப்பாகச் சேர்ந்து நிதி திரட்ட நினைப்பவர்கள் முதலில் ஆசிரியரிடம் பேச வேண்டும். வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்குச் சிங்கப்பூரில் முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். உண்டியலை எடுத்துக்கொண்டு நேரே எம்ஆர்டி நிலையத்துக்குப் போய்விட முடியாது.

பொருளே கொடுக்கக் கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். நிவாரண அமைப்பு ஒன்று, “எங்களுக்குக் குழந்தைகளின் டயப்பர் வேண்டும், இத்தனை பெட்டி வேண்டும், இந்த இடத்தில் கொடுங்கள்” என்று கேட்டால், கேட்டதைப் புதிதாக வாங்கிக் கொடுக்கலாம். துடைப்பம், வாளி, குப்பைப் பை போன்றவற்றைக் கேட்பதும் உண்டு. அழகான பொருள்கள் அல்லதான். ஆனால், முழங்கால் சேற்றில் நிற்பவருக்கு அந்நேரத்தில் வாளிதான் வேண்டும். பழைய துணி உங்களிடம் நிறைய இருக்கிறதா? அதை இங்கேயே விற்று, வரும் பணத்தை அனுப்பலாம்.

ஹார்வி வந்து ஓராண்டு ஆனபோது, பாதிக்கப்பட்டவர்களிடம் ஒரு கருத்தாய்வு நடத்தப்பட்டது. பத்தில் மூவர், தங்கள் வாழ்க்கை இன்னும் குலைந்தே கிடப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் செய்தியாளர்கள் வேறு புயல்களைத் தேடிப் போயிருந்தார்கள். துணி மூட்டைகள் வருவதும் நின்றிருந்தது. ஆனால், வாட் திரட்டிய நிதி ஒரேயடியாகச் செலவழிக்கப்படவில்லை. அந்த முதலாண்டில் அதைக் கொண்டு 600க்கும் மேற்பட்ட வீடுகள் சீரமைக்கப்பட்டன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுக்குள் அந்த எண்ணிக்கை 1,100ஐத் தாண்டியது. இரண்டு ஆண்டுகளாக உறவினர் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்த சிலருக்கு அப்போதுதான் மீண்டும் நான்கு சுவர்கள் கிடைத்தன.